உங்க கடைப் படியில ஒரு நெப்டியூன்

இல்லைங்க சார், ஜெராக்ஸ் எடுக்க வரல. உங்க கடைப் படியில ஒரு நெப்டியூன் பத்து நிமிஷம் நிக்கணும், அதுக்குப் பெர்மிஷன் கேக்கத்தான் வந்தேன். நெப்டியூன்ங்க. கடைசிக் கிரகம். அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூல் ஆயா கையைப் புடிச்சுக்கிட்டு நிக்குதே, அதுதான்.

ஆமா, உங்க பொண்ணேதான். தெரிஞ்சுதான் வந்தேன். நான் அவளோட நாலாம் கிளாஸ் டீச்சர். ஏழு மாசமா நீங்க தனியா இருக்கீங்க, அவ அம்மாகூட இருக்கா, எல்லாம் தெரியும். உங்க குடும்ப விஷயத்துல தலையிட வரல சார். நான் வந்தது சூரியக் குடும்ப விஷயமா. பேப்பரை அடுக்கணும்னா அடுக்குங்க, காது இந்தப் பக்கம் இருந்தாப் போதும்.

விஷயம் என்னன்னா, புத்தகத்துல எட்டுக் கிரகமும் ஒரே பக்கத்துல, மூணு பேர் சீட்டுல எட்டுப் பேர் உக்காந்த மாதிரி இடிச்சுக்கிட்டு இருக்கும். நிஜத்துல அப்படியா? சூரியனை ஒரு ஃபுட்பால் அளவுக்குச் சுருக்கினா, பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகு இருபத்தி மூணு மீட்டர் தள்ளி நிக்கணும். நெப்டியூன் ஒரு பட்டாணி. எங்கே நிக்கணும்ங்கறீங்க? எழுநூறு மீட்டர் தள்ளி. ஸ்கூல் மைதானத்துல ஆரம்பிச்சு, கேட்டைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, கரெக்டா இங்கே.

சிரிக்காதீங்க, காலைலருந்து நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். வியாழனுக்கு நெல்லிக்காய் குடுத்தேன். கடிச்சுட்டான் சார். கேட்டா, டீச்சர் கிரகம் புளிக்குதுங்கறான். சனிக்கு ஆளே வரல. ஒரு அம்மா கேட்டுக்கே வந்து, எம்புள்ளயப் போய் சனிங்கறீங்களேன்னு சண்டை. அப்புறம் வளையத்தோட ஒரு படம் காட்டினேன், இப்ப நாலு பேருக்கு சனி வேணுமாம். பூமி இருக்கானே, அவன் தும்மினான். கடுகு போச்சு. பூமியைத் தொலைச்சுட்டேன் டீச்சர்னு ஒரே அழுகை. முப்பத்திரண்டு பேரும் மண்டி போட்டுத் தேடுறோம். பி.டி. மாஸ்டர் ஓடி வந்து என்ன தேடுறீங்கன்னார். பூமியைன்னேன். மனுஷன் திரும்பிப் பாக்காமப் போயிட்டார்.

ஹெச்.எம். வேற. கிரகம் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னார். பெத்தவங்க கையெழுத்து வாங்கிட்டு வந்தா விடுறேன்னார். வாங்கினேன். நெப்டியூனோட பெர்மிஷன் சீட்டுல, ஜெராக்ஸ் கடை வரைக்கும்னு தெளிவா எழுதித்தான் அனுப்பினேன், மறைக்கல. அவங்கம்மா மூணு நாள் கழிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. ஏன் எதுக்குன்னு ஒண்ணும் கேக்கல. ஆமா சார், அவங்களேதான் போட்டாங்க. இந்தாங்க, பாருங்க.

என்னது? அவளுக்கு உங்களைப் பாக்கப் புடிக்காதா? யார் சொன்னது? ஓ, அந்த மழை நாளா. நீங்க ரெயின்கோட்டை எடுத்துக்கிட்டு ஸ்கூல் வாசலுக்கு வந்தீங்க, அவ தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. நானும் அங்கதான் இருந்தேன். நீங்க ரெயின்கோட்டை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு முதுகைக் காட்டிட்டுப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் அவ எட்டிப் பாத்ததை நீங்க பாக்கல, நான் பாத்தேன். ஒன்பது வயசுப் புள்ள ஒளிஞ்சா தேடணும் சார், அதுக்குத்தான் ஒளியறது. எனக்கு அன்னிக்கு உங்க மேல வந்த கோவம் இருக்கே, இன்னும் பாதி மிச்சம் இருக்கு.

சரி, உண்மையச் சொல்லிடறேன். பதினோரு வருஷமா இந்தப் பாடம் எடுக்கறேன், என் சூரியன் எப்பவும் எலுமிச்சம்பழம்தான். அந்த அளவுக்கு நெப்டியூன் காம்பவுண்டுக்குள்ளயே முடிஞ்சுடும், ஹெச்.எம். கால்ல விழ வேண்டியதில்ல. இந்த வருஷம் என்னாச்சுன்னா, போன மாசம் உங்க பொண்ணு என் மேசைகிட்ட வந்து, சூரியன் பெருசானா நெப்டியூன் இன்னும் தள்ளிப் போகுமா டீச்சர்ங்கறா. போகும்னேன். அப்போ என் காலடியில ஆயிரத்து நூத்தி எண்பத்தி மூணு காலடி தள்ளிப் போகணும்னா எவ்வளவு பெரிய சூரியன் வேணும்ங்கறா. சுத்தமா ஒரு நம்பர் வெச்சிருக்கா பாருங்க. அது என்ன கணக்குடின்னேன். மைதானத்துலருந்து எங்கப்பா கடைப் படி வரைக்கும் டீச்சர்ங்கறா. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தினம் எண்ணியிருக்கா சார், தினமும்.

நான் ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், ஃபுட்பால் வந்துச்சு. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா அந்தக் கணக்குல ஒரு பிசகு இருக்குங்க. அவ இந்த ரோட்டோட அந்த ஓரம் வரைக்கும்தான் நிஜமா எண்ணியிருக்கா. ரோட்டைத் தாண்டி உங்க படிக்கு வர்றதுக்கு, அங்க நின்னுக்கிட்டே உத்தேசமா பதினாறு காலடின்னு போட்டுக்கிட்டாளாம். பாடம்னு வந்தா எல்லாம் சரியா இருக்கணுமில்ல? போங்க, அந்தப் பதினாறையும் அவகூட நடந்து எண்ணிட்டு வாங்க. கடையை நான் பாத்துக்கறேன். எந்த பட்டனை அழுத்தணும்னு மட்டும் சொல்லிட்டு... சரி சரி, போங்க, ஓடுங்க, நானே கண்டுபுடிச்சுக்கறேன்.