ஓடும்போதே முங்கிய எஞ்சின்

என் பெயர் ஜெகதீஸ்வரன், வயது 27, தகப்பனார் பெயர் கண்ணுசாமி. சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்து, அங்கேயே பைக், படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்தி வருகிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். இந்த விவரங்களைப் பிறகு எழுதிக்கொள்ளச் சொன்னேன். இந்த போலீஸ் ஸ்டேஷனில் முடியாது என்றதால் சொல்லிவிட்டேன்.

பனமரத்துப்பட்டியில் பண்ணை விடுதி வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன், வெண்ணந்தூர் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டும் சென்னியப்பனிடம் தண்ணீர் மேல் ஓட்டும் ஒரு பழைய வாட்டர் ஸ்கூட்டரை விலை பேசியிருந்தார். அதன் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார். இன்று மதியம் பைக்கில் சென்னியப்பனின் ஷெட்டுக்குப் போனேன். பக்கத்திலேயே கைவிட்ட கல்குவாரிக் குழி, நிறையத் தண்ணீரோடு இருந்தது. சென்னியப்பனும் அவரிடம் வேலை செய்யும் மாதையன் என்பவரும் அங்கே இருந்தார்கள். வண்டி முங்கியதே இல்லை, மழைச் சாரல் மட்டும் பட்டது என்று சென்னியப்பன் சொல்லி, ஸ்டார்ட் செய்தும் காட்டினார்.

அதன் பிறகு சீட்டைக் கழற்றி ஆயிலைப் பார்த்தேன். புது ஆயில். தண்ணீர் கலந்த பழையதை மாற்றியிருப்பார்களோ என்று தோன்றியது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டு பிஸ்டன் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்தேன். நடு பிஸ்டன் மட்டும் மற்ற இரண்டின் உயரத்துக்கு வரவில்லை. உள்ளே பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது என்று பொருள். நின்றிருக்கும் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் துருதான் பிடிக்கும். வேகமாக ஓடும்போது போனால்தான் ராடு இப்படி வளையும்.

சென்னியப்பன், "என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தவனாட்ட மொறைச்சு மொறைச்சுப் பாக்கற? ஸ்டார்ட் ஆச்சுல்ல, பொறகென்ன?" என்று சிரித்தார்.

அதன் பிறகு ஹேண்டிலைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் கையில் ஒரு கயிறு மாட்டியிருப்பார். அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். இந்த வண்டியில் அந்த சுவிட்சின் ஒயர்களை நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஆள் விழுந்தாலும் வண்டி நிற்காது. நான் யோசிக்காமல், "இது ஓடிட்டிருக்கும்போதே முங்கியிருக்குங்க. அப்ப மேல உக்காந்திருந்தது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

 சென்னியப்பன் என் போனையும் பைக் சாவியையும் எடுத்துக்கொண்டு, "மாதையா, நான் ஆளுகளோட வார வரைக்கும் இவனை உடாத. எஞ்சினை இன்னைக்கே கழட்டி உருக்கப் போட்டர்லாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போனார். மாதையன் ஷட்டரை உள்ளே இருந்து இறக்கிப் பூட்டினார். கையில் கடப்பாரை இருந்தது.  ஸ்பேனர் கையிலிருந்து விழுந்ததைக்கூடச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மாதையன் பக்கத்தில் வந்து, "எம்பட பையன் மணிமாறனுங்க சாமி. போன மாசம் குழியில தண்ணி மோக்கப் போயி வழுக்கி உழுந்து செத்துட்டான்னு இவருதான் சொன்னாரு. நீ சொன்னதை இன்னொருக்கா சொல்லு" என்றார்.

ராடு, ஒயர் எல்லாவற்றையும் காட்டிச் சொன்னேன். மணிமாறன்தான் ஓட்டினான் என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. மாதையன் அந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். "நீந்தத் தெரியாதுங்க அவனுக்கு" என்றார். அதன் பிறகு ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி என்னைப் போகச் சொன்னார். அவரையும் கூப்பிட்டேன். "நான் வந்தா இதைப் பிரிச்சுருவாங்க சாமி. நீ ஆளக் கூட்டிட்டு வா" என்று சொல்லி மறுபடி உள்ளே பூட்டிக்கொண்டார்.

மரவள்ளிக் காட்டுக்குள் ஓடினேன். சென்னியப்பனின் ஜீப்பும் பின்னால் ஒரு பிக்கப் வண்டி நிறைய ஆட்களும் ஷெட் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். ஷட்டரை இடிக்கும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அதன் பிறகு ஒரு மினி பஸ்ஸில் ஏறி நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மேலே உள்ளவை நான் பார்த்ததும் கேட்டதும்தான், ஒன்றும் கூட்டவில்லை. படித்துக் காட்ட வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். ஷட்டர் தகரம்தான், ரொம்ப நேரம் தாங்காது. கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஸ்டேஷன் வண்டியை எடுங்கள்.

(ஒப்பம்) க. ஜெகதீஸ்வரன்