பூட்டு இல்லாத பக்கெட்

பழைய பம்பையும் புதிய பம்பையும் அருகருகே வைத்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது, சார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நீல வண்ணம். உள்ளே இருப்பவைதான் வேறு. பழையதன் சுழலிக்கு மூன்று இதழ், புதியதற்கு நான்கு. தண்டின் பற்களும் மாறிவிட்டன. ஒன்றின் பாகத்தை மற்றதில் போட்டால் உட்காராது. உட்காராத பாகத்தால் ஆபத்து இல்லை. உட்காரும் பாகத்தால்தான் ஆபத்து. பக்கெட் மட்டும் உட்காரும்.

ஜெட் படகுக்கு பிரேக் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி ஓடும். நிறுத்த, பீச்சுகிற வாயின் மேல் ஓர் உலோக மூடியை இறக்கி இன்ஜினை முடுக்க வேண்டும். தண்ணீர் முன்பக்கமாகத் திரும்பிப் படகை நிறுத்தும். அந்த மூடிதான் பக்கெட். புதிய பம்பு வலுவானது என்பதால் இறங்கிய பக்கெட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பூட்டு வைத்தார்கள். துளைகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அதனால் பூட்டு இல்லாத பழைய பக்கெட்டும் இரண்டு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் நிறுத்தவும் செய்யும். வேகத்தில் இறக்கினால் தண்ணீர் அதைத் தூக்கிவிடும். ஓட்டுபவர் பயந்து இன்னும் முடுக்குவார். படகு நேராகப் போகும்.

ஹரிபிரசாத்தும் நானும் ஒன்றாக மெக்கானிக்கல் படித்தோம். அவன் குடும்பத்துக்குப் பட்டாசு ஆலை. ஆனைக்குட்டம் அணையில் படகு விடத் தொடங்கியபோது என்னை இன்ஜினியராக வைத்துக்கொண்டான். போன வருடம் தை மூன்றாம் வெள்ளி, இரண்டாவது படகுக்குப் பூஜை. புதிய பம்போடு வந்த பக்கெட் லாரியிலேயே நசுங்கியிருந்தது. பத்து நாளில் வேறு வரும், பூஜையைத் தள்ளிவைக்கலாம் என்று முந்தின நாள் சொன்னேன்.

"ஏலே அருளு, டீலருக வடக்கேருந்து வந்து லாட்ஜ்ல உக்காந்திருக்காக. நாளைக்குப் பத்தரைக்கு ராகு காலம் பொறந்திரும். பழைய போட்டுல இருக்கதக் களத்தி மாட்டுலே. ரெண்டும் ஒரே கம்பெனிதான?"

"மாட்டலாம்."

"அப்புறமென்ன? நீ படிச்சவன், நான் அரியர் வச்சவன். நீ சொன்னாச் சரி."

தண்ணீர் அதைத் தூக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிய வண்டி எதுவானாலும், அதன் பாகங்களை மாட்டிப் பூட்டிய ஆளின் வீட்டுச் சுமங்கலி குங்குமத் தட்டோடு முதல் ஓட்டத்தில் முன்னால் உட்கார வேண்டும். என் மனைவி அனுப்பிரியா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் பக்கம் அமைப்பவள். கல்யாணப் பட்டு கட்டி வந்தாள்.

"ராகு காலத்த டைப் பண்றதே நாந்தான்," என்றாள் ஹரியிடம். "ஒரு வருசம் மாத்தி அடிச்சுட்டேன். ஒரு பயலும் கண்டுபிடிக்கல. நீங்க இந்தப் பாடு படுறீக."

ஹரி சிரித்தான். "இத எங்கம்மா காதுல போட்றாதம்மா."

அவன்தான் ஓட்டினான். ஒரு சுற்று சுற்றி, கரையில் நின்றவர்கள்மேல் தண்ணீர் தெறிக்க வேகமாக வந்து சட்டென்று நிறுத்துவது என்று ஏற்பாடு. அந்த நேரத்தில் பத்தாயிரம் வாலா கொளுத்த வேண்டும். கொளுத்தினார்கள். அதனால் படகு கரைக் கல்லில் மோதிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஹரி தண்ணீரில் விழுந்தான். முன் இருக்கைதான் கல்லில் மோதியது. வெடி முடியும்வரை எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹரி போலீசிடம் சொன்னான்: "அருள் மேல தப்பே இல்ல சார். நாந்தான் வேகமா வந்துட்டேன்." அவனே ஒப்புக்கொண்டான். நான் எதுவும் சேர்க்கவில்லை. ஆறு மாதம் அவன் மனைவி ஐஸ்வர்யா தினமும் எனக்கு டிபன் கேரியரில் சாப்பாடு அனுப்பினாள். நன்றாகச் சமைப்பாள். ஹரி எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பான். பிறகு தன் வீட்டுக்குப் போவான். அவனுக்குப் போவதற்கு வீடு இருந்தது. நான் கவனித்தது அதை மட்டும்தான்.

மோதிய படகைச் சரிசெய்தோம். பூட்டு உள்ள பக்கெட் வந்தது. மாட்டினேன். நெளிந்த பழையதைத் தூக்கிப் போடவில்லை. தட்டி நேராக்கி, நீல வண்ணம் அடித்து, துணியில் சுற்றி வைத்தேன்.

இந்தத் தையில் ஹரியின் அம்மா பொன்னுத்தங்கம் சொன்னார்: "அந்த எடத்துல ஒரு தோசம் நிக்கி. அதே வெள்ளிக்கிழம, அதே நேரத்துல மங்கலமா ஓட்டிக் களிச்சிரணும்."

ஹரி தயங்கினான். கொட்டகையில் என்னிடம் வந்து கேட்டான்.

"பக்கெட் நிக்கும்லலே?"

"இது பூட்டு வச்சதுடா. போன தடவ மாதிரி இல்ல."

"நீ சொன்னாச் சரி."

என் வீட்டில் சுமங்கலி இல்லை. அதனால் குங்குமத் தட்டு ஐஸ்வர்யாவிடம் போனது. அன்று காலை எட்டு மணிக்குப் பக்கெட்டை மாற்றினேன். இரண்டு நிமிடம்தான் ஆனது.

ஓட்டுபவருக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அவன் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஐஸ்வர்யா மேல் எனக்குக் கோபம் கிடையாது. படகில் ஏறும்போது தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, பிடிச்சுக்க எதுவும் இருக்கா?" கம்பியைக் காட்டினேன்.

பிறகு பதினாறு நாள், நான் ஹரிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பேசாமல் இருப்போம் என்று எதிர்பார்த்தேன். அவன் அழுதான். "ரெண்டு பேரையும் நாந்தாம்லே கொன்னேன்" என்றான். நேற்றும் அதையே சொன்னான். முதலாவது நீ, இரண்டாவது நான் என்று திருத்தினேன். அவன் எழுந்து வெளியே போனான். பிறகு உங்களுக்குப் போன் செய்தான்.

அவ்வளவுதான் சார். இரண்டாவதை நான் செய்தேன். வேண்டுமென்றே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி என்கிறீர்கள். பழைய பக்கெட்டைத் தண்ணீர் தூக்கும் என்று அத்தனை உறுதியாக எப்படித் தெரியும், ஒரு விபத்தை வைத்து மட்டுமா என்கிறீர்கள். இல்லை. நான் எதையும் ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. போன வருடம் பூஜையன்று விடியற்காலையில், அனுப்பிரியா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது, நான் தனியாக அணைக்குப் போய் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முறை இறக்கினேன். இரண்டு முறையும் தூக்கியது. திரும்பி வந்தபோது பந்தல் போட்டுவிட்டார்கள். அவள் பட்டு கட்டி, எல்லோரிடமும் என்னைக் காட்டி, "இவுகதான் பூட்டுனாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நேரம் குறித்தது ஹரிதான் சார்.