கறுப்பு டேப்புக்குள் இருந்த சுவிட்ச்

என்னை ஜில்லு என்று சொன்னால்தான் தெருவில் ஆள் காட்டுவார்கள். வயது ஐம்பத்தொன்று. பேருந்து நிறுத்தத்தின் பின்தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை, மேலே வீடு. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. வீட்டு ஏசி பழுது பார்ப்பது என் தொழில். இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவன் என் மனைவியின் தம்பி. கார் ஏசி வேலை அவனுடையது.

இன்று காலை என் மனைவி செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து, தம்பியைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னதும் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்தேன். துணிக்கடைக்காரர் கொடுத்திருந்த புகாரை இன்ஸ்பெக்டர் ஐயா எனக்குப் படித்துச் சொன்னார். என் மைத்துனன் சரிசெய்து கொடுத்த பிறகும் அவருடைய கார் ஏசி குளிரவில்லை என்றும், வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, குளிர வைக்கும் கேஸின் அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்சே வண்டியில் இல்லை என்று சொன்னதாகவும், அதை என் மைத்துனன் திருடிவிட்டான் என்றும் அதில் இருந்தது. திருட்டு வழக்கு எழுதிவிட்டால் அதன் பிறகு அவனை நம்பி யாரும் வண்டிச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

அதன் பிறகு ஐயா, கார் வாசலிலேயே நிற்பதால் சுவிட்சைக் காட்டினால் வழக்கு இல்லை என்றும், அவனே கை வைத்தால் ஒளித்ததை மாட்டிவிட்டான் என்று பேச்சு வரும், அதனால் தேட வேண்டியது நான், மைத்துனன் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். அவன் குனிந்து தன் நகத்தில் படிந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பானட்டைத் தூக்கியதும் பழக்கதோஷத்தில் நேராக, கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசரிடம் போனேன். வீடுகளில், வெளியே மாட்டியிருக்கும் பெட்டியைத் திறந்தால் கம்ப்ரசரை ஒட்டிய செம்புப் பைப்பில் சுவிட்ச் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. துணிக்கடைக்காரர், "என்ன ஜில்லு, ஏசிக்காரனுக்கே வேர்க்குதா?" என்றார். வேர்த்தது உண்மை.

அதன் பிறகு முன்பக்கத்தில் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரிலிருந்து வரும் மெல்லிய பைப்பை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பாதிக் கைதான் நுழைகிற இடத்தில், பைப் திடீரென்று பருத்திருந்தது. டேப் சுற்றியிருந்தது. அதன் நுனி மடிக்கப்பட்டிருந்தது. என் மைத்துனன் எந்தப் பிளக்கை மாட்டினாலும் தூசி போகாமல் கறுப்பு டேப் சுற்றுவான். அடுத்துப் பிரிப்பவருக்கு நகம் வலிக்கக் கூடாதென்று நுனியை மடித்து விடுவான். "வண்டிக்கு எங்கடா அடிபட்டுச்சு, கட்டுப் போடுற?" என்று நான் கேட்காத நாள் இல்லை. பைப்போடு பைப்பாகத் தெரிந்ததால் அந்த மெக்கானிக், சுவிட்ச் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"ஐயா, ஓடி வாங்க! களவு போன சாமான் போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது!" என்று கத்தினேன். ஸ்டேஷனே வெளியே வந்தது.

அதன் பிறகு டேப்பைப் பிரித்து, இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, சுவிட்ச் தடுக்காதபடி அதன் இரண்டு முனைகளையும் சின்ன வயரால் ஒரு நொடி சேர்த்தேன். கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்து ஓடியது. உடனே எடுத்துவிட்டேன். பைப் மூட்டில் எண்ணெய் கசிந்திருப்பதையும் காட்டினேன். கேஸ் குறைந்ததால், கம்ப்ரசர் கெட்டுப்போகாமல் இருக்கச் சுவிட்ச் அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

"அது பாட்டுக்குக் காவல் காத்திருக்கு. அதுக்குப் போய் எங்க மச்சானைப் பிடிச்சீங்களே ஐயா!" என்றேன். ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாயைக் குறை" என்றார். துணிக்கடைக்காரர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

மைத்துனன் எழுந்து, "இப்ப நான் பேசலாமா?" என்று ஐயாவிடம் அனுமதி கேட்டான். பிறகு என்னைப் பார்த்து, "அத்தான், டேப்பைப் பிரிச்சு அப்படியே விட்டுட்டீங்களே, தூசி போகாதா?" என்றான். அவனே போய்ச் சுற்றினான். நுனியை மடித்து விட்டான்.

இனியாவது அவனைக் கேலி செய்யாமல் இருப்பாயா என்று ஐயா கேட்டார். செய்வேன் என்றேன். இந்த வாக்குமூலத்தில் அதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதை ஐயா வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ஜில்லு