தணிகாசலத்துக்கு ஏறாத சரக்கு

பின்வரிசையில ரெண்டு பேரு கொட்டாவி விடுறாங்க... விடுங்க, தப்பில்ல. உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை கொண்டாந்திருக்கேன்.

எங்க ஊர்ப் பக்கம் தணிகாசலம்னு ஒரு வார்டு செயலாளர். கவுன்சிலர் சீட் கேட்டு மனு குடுத்துட்டு உக்காந்திருக்காரு. லிஸ்ட் இன்னைக்கு வரும்... நாளைக்கு வரும்... ஒரே டென்ஷன்! டென்ஷனுக்கு மருந்து என்ன? குவார்ட்டர்!

ஒண்ணு அடிச்சாரு... ஏறல. இன்னொண்ணு... ஏறல. கூட இருக்கிற தம்பிங்க சும்மா இருப்பாங்களா? "அண்ணே, ரெண்டு குவார்ட்டர் போயும் கம்பம் மாதிரி நிக்கிறீங்க! நீங்கதாண்ணே தலைவர்!"

அவரு சம்சாரம் அமுதவல்லி, ஆஸ்பத்திரி நர்ஸு. அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஏங்க, பதட்டத்துல உடம்புல ஒரு சுரப்பு சுரக்கும். அது கல்லீரலைப் போயி, சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டும். நீங்க ஊத்த ஊத்த அது எரிச்சுத் தள்ளுது. இது வீரமில்லீங்க... உங்க கல்லீரல் ஓவர்டைம் பாக்குது!"

அதுக்கு நம்மாளு சொல்றாரு... "பாத்தியா, அதுவும் என்னை மாதிரியே உழைப்பாளி!"

ஒரு நாள் காலையில லிஸ்ட் வந்துச்சு. பேரு இருக்கு! டென்ஷன் போயே போச்சு. வழக்கம்போல ரெண்டு குவார்ட்டர் அடிச்சுட்டு நகராட்சி ஆபீசுக்கு வேட்புமனு குடுக்கப் போறாரு. ஆனா, இன்னைக்குக் கல்லீரலை விரட்ட ஆளில்லையே! சரக்கு அப்படியே தலைக்கு ஏறிடுச்சு. வாசல்ல இந்தப் பக்கம் மாவட்டச் செயலாளர்... அந்தப் பக்கம் எதிர்க்கட்சி வேட்பாளர். கால்ல விழணும். விழுந்தாரு. யாரு கால்ல?

எதிர்க்கட்சிக்காரர் கால்ல! "ஐயா, எல்லாம் நீங்க போட்ட பிச்சைங்கய்யா!"

அத்தனை செல்போனும் படம் பிடிச்சுது. சாயங்காலமே சீட்டு வேற ஆளுக்குப் போயிடுச்சு. உடனே மறுபடி டென்ஷன்... மறுபடி குவார்ட்டர்... மறுபடி ஏறல! ஏறல ஏறலன்னு ஊத்தி, ஊத்தி... ஒரு நாள் கண்ணு மஞ்சளாகி, வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில படுத்தாரு.

சிரிச்சீங்கல்ல? உங்கள்ல எத்தனை பேரு, "எனக்கெல்லாம் எவ்வளவு அடிச்சாலும் ஏறாது"ன்னு மீசையைத் தடவியிருக்கீங்க? ஏறலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமா? இல்லய்யா... உள்ள ஒருத்தன் சத்தம் போடாம உங்களுக்காக அடி வாங்குறான்னு அர்த்தம். டென்ஷனை அமுக்கத்தான் குடிக்கிறேங்கிறீங்க... அந்த டென்ஷனே உங்களை இன்னும் ஊத்த வைக்குது. அவ்வளவுதான் கணக்கு.

டென்ஷன் யாருக்குத்தான் இல்ல? வீட்ல சொல்லுங்க. சொல்லி அழுங்க... வெக்கமில்ல. அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நின்னு அமுதவல்லி அதைத்தான் கேட்டாங்க.

"பயமா இருக்குன்னு... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?"