நகம் காயும் நேரம்

இந்தக் காலத்தில் யாருக்கும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரத் தெரியவில்லை. ஒன்று, கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இல்லையென்றால் கைதட்டுகிறார்கள். மேடையில் கிட்டார் வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய் பீர் வாங்கி வந்து, உட்கார்ந்திருப்பவன் முழங்காலில் கொட்டிவிட்டு, மன்னிப்பு வேறு சத்தமாகக் கேட்கிறார்கள். கேட்டால் சீட்டு வாங்கி வந்தவர்களாம். சீட்டு வாங்கினால் வாயை மூடக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

என் பெயர் வில்ஃப் பார்ஜிட்டர். சால்ட்மார்ஷ் கமிட்டி என்ற ராக் குழுவுக்கு ஆரம்ப நாளிலிருந்து பெட்டி தூக்கியவன், கிட்டாருக்குச் சுருதி சேர்த்தவன். உங்கள் ரசிகர் சங்கம் இந்த வருஷம் ஓர் ஓட்டெடுப்பு நடத்தியது. ப்ரோக்ரஸிவ் ராக்கில் உங்களுக்கு மிகவும் பிடித்த அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பு எது என்று. எங்கள் லயனல் ஹார்ஸ்மண்டனின் ‘நாரை’ முதலில் வந்தது. கூடவே இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நான் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நேராகச் சிட்டிங்பர்ன் காகித ஆலைக்குப் போனவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

உங்களில் சின்ன வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குழுவின் பாட்டு ஒவ்வொன்றும் ரயில் மாதிரி நீளம். நாலு அடுக்குக் கீபோர்டு, புகை, போர்வை மாதிரி அங்கி போட்டுக்கொண்டு ஒருவன் கடல் அழிவதைப் பற்றிப் பாடுவான். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் பிடித்ததில்லை. அதற்கு நடுவில் எல்லாரும் மேடையை விட்டு இறங்குவார்கள். லயனல் மட்டும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நைலான் தந்தி போட்ட சாதாரண கிட்டாரை மடியில் வைத்துக்கொள்வான். அதுதான் ‘நாரை’. முதல் பாதி தண்ணீர் மாதிரி ஓடும். பிறகு ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு நிறுத்துவான். அது தேய்ந்து தேய்ந்து ஒன்றுமே இல்லாமல் போகும்வரை விடுவான். அதற்குப் பிறகும் கொஞ்சம் விடுவான். அப்புறம்தான் இரண்டாம் பாதி.

அந்தக் கொஞ்சம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் முதுகு ஒடியப் பெட்டி தூக்கினேன். லீட்ஸில் ஒரு தடவை அந்த இடத்தில் பின்கதவுக்கு வெளியே மழை பெய்வது கேட்டது. அரங்கு நிறைய ஆள். ஒருத்தன் இருமவில்லை. நான் தேவாலயத்துக்குப் போகிறவன் இல்லை. பாதிரியார்களை நம்புகிறவனும் இல்லை. எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

லயனலின் வலதுகை நகங்கள் மெல்லிசு. நைலான் தந்தியை நகத்தால்தான் மீட்ட வேண்டும். அதனால் பிங்பாங் பந்தை வெட்டி நகத்தின் மேல் ஒட்டி, அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவோம். இந்த வாத்தியக்காரர்கள் பலரும் செய்வதுதான். இப்போது வரும் பந்து மட்டமான பிளாஸ்டிக். பழைய செல்லுலாய்டு பந்துதான் நகத்துக்குச் சரி. அது கடைக்கு வருவது நின்றுபோகும் என்று தெரிந்ததும் வாங்கி வாங்கி என் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தேன். அவன் வாங்கவில்லை. அவனுக்கு அந்த யோசனையே வரவில்லை.

ஒட்டிய பிறகு பசை காய வேண்டும். அதுவரை விரல் எதன் மேலும் படக்கூடாது. கேபிள்கள் போட்டுவைக்கும் பெரிய பெட்டியைத் திறந்து, அதன் விளிம்பில் லயனல் உள்ளங்கையை வைப்பான். விரல்கள் உள்பக்கமாகத் தொங்கும். மூடி மேலே நிற்கும். கனமான மூடி, சுற்றிலும் இரும்புப் பட்டை. அது விழாமல் மூடியில் கட்டிய ஒரு தோல் வாரைச் சுவர் ஆணியில் மாட்டுவேன், ஆணி இல்லாத ஊரில் கையால் பிடித்துக்கொள்வேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வாசிப்பான். நான் டீயை அவன் வாயில் பிடிப்பேன். அவன் மனைவி ஹிலரி ஒருமுறை பார்த்துவிட்டு, “சமைச்சுப் போடறது நான், டீ ஊட்டறது நீங்க. யாரு பொண்டாட்டின்னு பாதிரியாரைத்தான் கேக்கணும்,” என்றாள். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். எங்கள் வழக்கம் அது. வேறு யாரையும் அந்தக் கையைத் தொட அவன் விட்டதில்லை.

பிறகு கேலம் வந்தான். எங்கள் பழைய டிரம்மர் செத்துப்போனதும் சேர்த்துக்கொண்ட ஆள். நல்ல பல் வரிசை, எப்போதும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருக்கிறவனை நான் நம்புவதில்லை. ஹாலந்தில் ஒரு கச்சேரியில் ‘நாரை’யின் அந்த இடத்தில் முன்வரிசைக் குடிகாரன் ஒருத்தன் கைதட்ட ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். லயனல் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். கேலம் ஓரத்தில் கிடந்த கைமேளத்தை எடுத்துக்கொண்டு மேடையேறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். யாரோ அதைப் படம் பிடித்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அன்றையோடு போகும் என்று நினைத்தேன். அடுத்த ஊரில் லயனலே கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டிக் கைதட்டக் கூப்பிட்டான். அதற்கப்புறம் எல்லா ஊரிலும் அதே கூத்து. ஓட்டுப் போட்டபோது நீங்கள் எழுதிய காரணங்களையும் படித்தேன். ‘எல்லாரும் சேர்ந்து கைதட்டும் அந்த இடம் புல்லரிக்கிறது’ என்று பக்கம் பக்கமாக. பாராட்டு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள்.

நான் அவனிடம் மரியாதையாகத்தான் பேசினேன். விட்ஸ்டபிளில் கடலைப் பார்த்த பெஞ்சில் நான், அவன், கேலம் மூன்று பேரும் மீனும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்தோம்.

“அந்த எடத்துல சத்தம் வரக்கூடாது லயனல்,” என்றேன்.

“ஏன்டா, எழுதினது நானா நீயா?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வாயில் சிப்ஸ் இருந்தது.

கேலம் நடுவில் புகுந்தான். “விடுங்க தாத்தா. பெட்டியில போட்டு மூடி வெக்கறதுக்கு அது என்ன கேபிளா?”

லயனல் சிரித்தான். சிப்ஸ் மேல் ஊற்றிய வினிகர் புரையேறி இருமும் அளவுக்குச் சிரித்தான். நான் என் பொட்டலத்தை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பாதிதான் தின்றிருந்தேன்.

கேன்டர்பரி கச்சேரியைப் படமெடுத்து வெளியிடப் போகிறோம் என்றார்கள். லயனலுக்கு வயதாகிவிட்டது, இதற்கு மேல் வேறு பதிவு வராது. அதாவது ‘நாரை’ என்றால் இனிமேல் அதுதான் என்று ஆகிவிடும். நான் சும்மா இருக்கவில்லை. ஒலிக்காரனிடம் போய்க் கேலமின் மைக்கை அந்த நேரத்தில் அணைத்துவிடச் சொன்னேன். வேலை போய்விடும் என்றான். ஹிலரியிடம் பேசிப்பார்த்தேன். அவர் இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறார், கெடுக்காதீர்கள் என்றாள். கடைசியில் அட்டையில் பெரிய எழுத்தில், இந்த வாசிப்பின்போது தயவுசெய்து கைதட்ட வேண்டாம் என்று எழுதி அரங்கக் கதவில் ஒட்டினேன். லயனல் அதைக் கிழித்துக்கொண்டு வந்து என் சட்டைப்பையில் செருகி, “ஹெட்மாஸ்டர் வேலைக்கு எப்படா சேந்த?” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

ஆக, எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுத்தேன். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

அன்று மத்தியானம் உடைமாற்றும் அறையில் நகம் ஒட்டினேன். நாலு விரலுக்கும். என் கையால் செய்ததில் அதைவிட நல்ல வேலை கிடையாது. வேலையில் குறை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவன் வழக்கம்போலப் பெட்டியின் விளிம்பில் கையை வைத்தான். சுவரில் ஆணி இருந்தது. நான் வாரை மாட்டவில்லை. மூடியைக் கையால் பிடித்துக்கொண்டேன். அப்போதுகூட நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. பார்க்கலாம் என்றுதான் இருந்தேன்.

அவன் கண்ணை மூடி மெதுவாக முனகிக்கொண்டிருந்தான். முதல் பாதி வந்தது. அந்த ஒற்றைச் சுரம் வந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அவன் மூச்சுகூட நிற்கும். அன்று இடதுகையால் தொடையில் தட்ட ஆரம்பித்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. யாரும் இல்லாத அறையில், மனசுக்குள் வாசிக்கும்போதுகூட அவனால் அந்த இடத்தைக் காலியாக விட முடியவில்லை.

நான் கையை எடுத்தேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நடுவில் விரல்கள் இருந்ததால் மூடி முழுதாக மூடவில்லை. நான் அதைத் திறந்து, கையைத் துண்டில் சுற்றி, உயர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அவன் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்கள் ஓடி வருவதற்குள் தோல் வாரை அறுத்து ஒரு பாதியை ஆணியில் தொங்கவிட்டேன். பழைய வார், அறுந்துவிட்டது என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். கேலம் அழுதான். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, உங்கள் மேல் தப்பில்லை தாத்தா என்று முதுகைத் தடவினான். நீங்கள் மூட்டை மூட்டையாக வாழ்த்து அட்டை அனுப்பினீர்கள். அதில் எனக்கும் சில வந்தன.

மோதிரவிரலை டாக்டர்கள் பாதியில் எடுத்துவிட்டார்கள். மற்றவை இருக்கின்றன, மடங்காது. கேன்டர்பரி கச்சேரி நடக்கவில்லை. ‘நாரை’ என்றால் பழைய இசைத்தட்டில் இருப்பதும், நீங்கள் கைபேசியில் பிடித்த அந்தக் கண்றாவியும்தான். கண்றாவிகள் சீக்கிரம் அழிந்துபோகும். இசைத்தட்டு நிற்கும்.

போன வாரம் ஃபேவர்ஷாமில் அவன் வீட்டுக்குப் போனேன். ஹிலரி கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவர் யாரையும் பார்ப்பதில்லை, உங்களை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். லயனல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கை ஒரு தலையணை மேல் இருந்தது.

“வார் மாட்டலன்னு அன்னிக்குப் பாத்தேன்டா,” என்றான்.

“பாத்தியா? அப்புறம் எதுக்குக் கைய வெச்ச?”

“நீ பிடிச்சிட்டிருந்தியே.”

உட்காரச் சொன்னான், உட்கார்ந்தேன். கை வழுக்கிவிட்டதா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் பொய் சொல்கிறவன் இல்லை, வாரைப் பற்றிச் சொன்னது தவிர. வழுக்கவில்லை, நான்தான் விட்டேன் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். லீட்ஸ் மழையைச் சொன்னேன். அந்த இடத்தை அவன் கெடுத்ததைச் சொன்னேன். அவன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

“அழகுக்காக நிறுத்தினேன்னா நெனச்ச?” என்றான் கடைசியில். “அந்த எடத்துல எனக்கு அடுத்தது மறந்துபோகும்டா. மொத நாள்லேருந்து அப்படித்தான். இத்தனை பேர் பாக்கறாங்க, ஒண்ணும் ஞாபகம் வரல. எவனாவது இருமித் தொலைக்க மாட்டானான்னு இருக்கும். அந்தக் குடிகாரன் தட்டினான் பாரு, அன்னிக்குத்தான் பயமில்லாம வாசிச்சேன்.”

“இசைத்தட்டுல?”

“அதுலயும் மறந்துதான் போச்சு. நல்லாருக்குன்னு சொல்லி பதிவு பண்ணினவங்க அப்படியே வெச்சுட்டாங்க.”

நான் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டேன். வலிக்கு ஏதோ மாத்திரை கொடுக்கிறார்கள், நாள் முழுக்க மயக்கமாகவே இருக்கிறார் என்று ஹிலரி வாசலிலேயே சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவன் பேச்சை எதற்கு நம்புவது. அவன் எப்போதும் தன்னைத் தாழ்த்திப் பேசுகிறவன் வேறு. பின்னாலிருந்து “வில்ஃப்” என்று கூப்பிட்டான். ஹிலரியும் சமையலறையிலிருந்து, டீ ஆறுது என்று குரல் கொடுத்தாள். அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. போலீஸிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். அதனால்தான் நான் இங்கே எழுதுகிறேன். செய்தவன் பெயர் தெரியாமல் ஒரு நல்ல காரியம் போய்விடக் கூடாது.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், எனக்கு மனசு ஒப்பவில்லை. மறதியாம், பயமாம். நான் ஓரத்தில் நின்று கேட்டவன். எனக்குத் தெரியாதா? தன் கை செய்தது என்ன என்று ஒருத்தனுக்குத் தெரியவில்லை என்றால், அந்தக் கை அவனிடம் இருந்துதான் என்ன பிரயோஜனம்.