அசிட் கீறின பறவைகள்

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவரின் மடியில் ஒரு படம் இருந்தது: பழைய டச்சு ஓவியர்களின் பாணியில் காற்றாலை, வாய்க்கால், வானம் நிறையப் பறவைகள்.

"அக்கா, உந்தப் பறவையளை நான் கீறேல்லை. அசிட் கீறினது."

"என்னடி சொல்லுறாய்?"

"செப்புத் தகட்டில மெழுகு பூசி, ஊசியால கீறி, அசிட்டுக்குள்ள போடுறது. கீறின இடத்தை மட்டும்தான் அது அரிக்கவேணும். பிறகு அரிச்ச பள்ளத்தில மை பூசி, பேப்பரில அச்சடிக்கிறது. நான் மெழுகை வடிவாப் பூசேல்லை. வானமெல்லாம் பொட்டுப் பொட்டா அரிச்சுப்போட்டுது."

"ரீச்சர் ஏசேல்லையோ?"

"பறவையள் அந்தமாதிரி வந்திருக்கு, கெட்டிக்காரி எண்டவ. நானும் தாங்ஸ் எண்டிட்டன். இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால செய்து காட்டட்டாம்."

"அதுக்கென்ன, திரும்பவும் மோசமாப் பூசு."

"போன கிழமை மூண்டு தகட்டில மோசமாப் பூசிப் பாத்தனான் அக்கா. ஒரு குருவிகூட வரேல்லை."