அரை நிமிஷ வீடியோ

ஹலோ... ஆமா, அவன் போன்தான். அவன் குளிக்கிறான். நான் அவன் அக்கா. யாரு?

...ஓ, கேப்டனா! வகுப்புல எல்லாரும் உன்னை அப்படித்தானே கூப்பிடுவாங்க? சொல்லு தம்பி, சொல்லு. உன் குரலைக் கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

...ம்... ம்... இருக்கான். படிப்பைப் பாதில விட்டுட்டு வீட்டுக்கு வந்தவன் எப்படி இருப்பான்? அப்படி இருக்கான்.

...என்னது, வீடியோவா? எதுக்கு?

...சரி... சரி சரி. நாளைக்கு யூனிவர்சிட்டில மனநல விழா. "இங்கே யாரும் தனியாள் இல்லை"ன்னு நீ மேடையில பேசற. நடுவுல இவன் வந்து, "நான் ஒடிஞ்சு போனப்ப என் நண்பர்கள்தான் தாங்கினாங்க"ன்னு அரை நிமிஷம் சொல்லணும். அப்படித்தானே?

...சிரிக்கலப்பா. இருமல்.

...இரு, நான் முடிச்சுக்கறேன். வகுப்பே சேர்ந்து கட் அடிச்சீங்க. இவன் ஒருத்தன் போய் உக்காந்துட்டான். அதானே இவன் பண்ணின கொலைக்குத்தம்? அன்னிக்கு சாயங்காலமே குரூப்லேருந்து இவனைத் தூக்கினது யாரு?

...விளையாட்டுக்கா? மெஸ்ல இவன் தட்டை வெச்சதும் மொத்த மேசையும் எழுந்து போகுமே, அதுவும் விளையாட்டா? ரூம்ல கூட இருந்த பையனைக்கூடப் பேச விடல நீ... பொய் சொல்லாத! அந்த ரூம் பையனே என்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னான்.

...அக்கான்னு கூப்பிடாத. அப்படிக் கூப்பிட எனக்கு ஒருத்தன் இருக்கான். அங்க ஹாஸ்டல்ல இருந்தப்ப சாயங்காலமானா போன் பண்ணி, "அக்கா, நான் பேசறது கேக்குதா?"ம்பான். லைன் நல்லாத்தான் இருக்கும். நாள் பூரா ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்காததுல, தனக்குக் குரல் இருக்கான்னே அவனுக்குச் சந்தேகம்.

...மன்னிப்பா? வீடியோ வேணும்னதும் வருதா மன்னிப்பு?

கவலைப்படாத, வீடியோ ரெடி... ஆமாம்ப்பா, நிஜமாத்தான். உன் போட்டோ போட்ட விழா நோட்டீஸ் எனக்கும் வந்துச்சு. அன்னிக்கே இவனை உக்கார வெச்சு எடுத்தேன். நடந்தது அத்தனையும் இவன் வாயாலயே சொல்லியிருக்கான். உங்க துறைத் தலைவர் மேடம் பாத்துட்டாங்க. நீ பேசி முடிச்சதும் அதைத்தான் போடறாங்க.

...ஏன் கத்தற? ...ஓ, உங்க அப்பா அம்மாவும் வர்றாங்களா? முன் வரிசையா? ரொம்ப நல்லதாப் போச்சு.

...என்கிட்ட ஏன் கெஞ்சற, உன் கூட்டாளிங்களைக் கூப்பிடேன்... எடுக்கலையா? காலையிலேருந்து ஒருத்தன்கூடவா? வீடியோ விஷயத்தை அந்த ரூம் பையன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், அவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான் போல. நைசா கழண்டுக்கிட்டானுங்க... இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எல்லாரும் ஒதுக்கினா நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்கும்னு இவன் சொல்லுவான். உனக்கும் அடைக்குதா?

...அழறியா? அழு. அழுது முடி, நான் லைன்லயே இருக்கேன். எனக்கு இன்னிக்கு வேற வேலையே இல்ல.

...இரு, இவன் வந்துட்டான். ஆமாடா, அவனேதான்... என்னது? வீடியோவை நிறுத்தணுமா? உனக்கென்ன பைத்தியமா? அவன் அழறான்னு மனசு இளகிடுச்சா? ...அப்புறம்? ...ஓ. ...ஓஹோ! மேடம்கிட்ட நீயே பேசிட்டியா?

ஹலோ, கேப்டன். நல்ல சேதி. வீடியோ கிடையாது... பொறு பொறு, அதுக்குள்ள கையெடுத்துக் கும்பிடாத. இவனே நேர்ல வர்றானாம். நீ மேடையில நிக்கறப்பவே பக்கத்துல வந்து, உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணுமாம்.

...ஹலோ? ஹலோ?

வெச்சுட்டான்டா.

நீ தலையைத் துவட்டு. அந்தச் சட்டையைக் கொடு, இஸ்திரி போட்டுத் தர்றேன். கசங்கினதைப் போட்டுக்கிட்டு அவன் எதிர்ல போய் நிக்காத.